கடைசிக் குழியின் கணக்கு

விருத்தாசலத்திலிருந்து மந்தாரக்குப்பம் வழியாக வடலூருக்குப் பேருந்தில் போனவர்கள் அந்த மேடுகளைப் பார்த்திருப்பார்கள். பெயர் சொல்லும்படியான குன்று எதுவும் இல்லாத பகுதி அது. நெய்வேலிச் சுரங்கத்துக்காகத் தோண்டிக் கொட்டிய மண்தான் அங்கே குன்றாக நிற்கிறது. மேலே மரமும் வளர்ந்துவிட்டது. மேட்டைத் தாண்டினால் பள்ளம். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இரண்டு கேள்விகள் வரும். இந்த மண்ணை அந்தப் பள்ளத்திலேயே திரும்பத் தள்ளினால் என்ன? தள்ளினாலும் பள்ளம் நிரம்புமா? உள்ளே இருந்த நிலக்கரிதான் எரிந்து புகையாகிவிட்டதே, அந்த அளவுக்கு மண் குறையத்தானே செய்யும்?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை சுலபம். பல இடங்களில் அது பலர் நினைப்பதற்கு நேர்மாறும்கூட. முதல் கேள்விதான் வம்பு பிடித்தது. மண்வெட்டியில் தொடங்கி நீதிமன்றம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

மண் ஏன் மிஞ்சுகிறது

வீட்டுக் கொல்லையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். எதையும் நடாமல் அதே மண்ணைத் திரும்பத் தள்ளுங்கள். காலால் நன்றாக மிதித்தாலும் குழிவாயில் மேடு தட்டி நிற்கும். மண் எங்கிருந்தும் கூடிவிடவில்லை. பல நூறு ஆண்டுகள் இறுகிக் கிடந்தது கட்டி கட்டியாக உடைந்துவிட்டது. கட்டிகளுக்கு இடையே காற்று புகுந்துகொண்டது.

பாறையில் இது இன்னும் அதிகம். வெடி வைத்துத் தகர்த்த மணற்பாறை, உடையும்முன் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் பிடிக்கலாம். இதை ‘உப்பல்’ என்று வைத்துக்கொள்வோம். கொட்டிய மண்ணின்மேல் லாரிகள் ஓட, மழை இறங்க, தன் எடையே தன்னை அழுத்த, உப்பலில் ஏறக்குறைய பாதி வடிந்துவிடும். ஆனால் முழுக்க வடியாது. கடைசியில் பத்து முதல் இருபது சதவீதம் தங்கிவிடுவது வழக்கம். நெய்வேலி போன்ற இடங்களின் மணலும் களிமண்ணும் இவ்வளவு உப்புவதில்லை.

ஆக, நிலக்கரி போன இடத்தை நிரப்ப உப்பல் இருக்கிறது. நிரப்பிவிடுமா என்பது ஒரே ஒரு விகிதத்தைப் பொறுத்தது: நிலக்கரி அடுக்கு எவ்வளவு தடிமன், அதன்மேல் கிடக்கும் மண்ணும் பாறையும் எவ்வளவு தடிமன். மேலே கிடக்கும் அந்தப் பாரத்தை இந்த அத்தியாயம் முழுக்க ‘மேற்சுமை’ என்று சொல்லப்போகிறேன்.

பிரிட்டனைப் பாருங்கள். ஸ்காட்லாந்திலும் தெற்கு வேல்ஸிலும் நிலக்கரி அடுக்குகள் மெல்லியவை. ஒரு மீட்டர், அரை மீட்டர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, நடுவே பாறையோடு கிடக்கும். தடித்த அடுக்குகளை நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளர்கள் எப்போதோ எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். திறந்தவெளிச் சுரங்கம் வந்தது மிச்சத்தை வழித்தெடுக்கத்தான். ஒரு டன் நிலக்கரிக்கு 15 கனமீட்டர் பாறையை நகர்த்துவது அங்கே சாதாரணமாக இருந்தது.

பத்துப் பட்டைகள்

ஒரு கற்பனைச் சுரங்கத்தைத் தோண்டிப் பார்ப்போம். எண்கள் நானே வைத்தவை; ஆனால் பிரிட்டிஷ் சுரங்கம் ஒன்றில் நம்பக்கூடிய அளவுகள்தான்.

நிலத்தைப் பத்துப் பட்டைகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றும் 500 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். 60 மீட்டர் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். அந்த அறுபதில் நிலக்கரி அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே 3 மீட்டர்தான்.

ஒரு பட்டையின் மொத்தக் கொள்ளளவு 30 லட்சம் கனமீட்டர். அதில் நிலக்கரி 1.5 லட்சம் கனமீட்டர். எடையில் ஏறக்குறைய 1,95,000 டன். மீதி 28.5 லட்சம் கனமீட்டரும் மேற்சுமை. உப்பல் 15 சதவீதம் தங்குகிறது என்றால், அந்த 28.5 லட்சம் திரும்பக் கொட்டப்படும்போது 32.77 லட்சமாகிவிடுகிறது. குழியோ 30 லட்சம்தான் கொள்ளும். நிலக்கரியை எடுத்துக்கொண்டு போன பிறகும் 2.77 லட்சம் கனமீட்டர் மண் மிச்சம்! அதைப் பட்டையின்மேலேயே பரப்பினால் நிலம் முன்பிருந்ததைவிட ஐந்தரை மீட்டர் உயர்ந்து நிற்கும்.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தின் வடகிழக்கில், கிராம்லிங்டன் ஊருக்கு அருகே ‘நார்தம்பர்லாண்டியா’ என்ற மண் சிற்பம் படுத்திருக்கிறது. ஒரு பெண்ணுருவம், 400 மீட்டர் நீளம், 34 மீட்டர் உயரம். சார்ல்ஸ் ஜெங்க்ஸ் வடிவமைத்தது, 2012-இல் திறக்கப்பட்டது. பக்கத்திலிருந்த ஷாட்டன் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த 15 லட்சம் டன் பாறையும் களிமண்ணும் மண்ணும்தான் அவள் உடல். அவளுக்கென்று ஒதுக்கியும் சுரங்கத்துக்கு மண் தட்டுப்பாடு வரவில்லை.

இதே கணக்கை நெய்வேலிக்குப் போட்டால் முடிவு மாறும். அங்கே பழுப்பு நிலக்கரி ஒரே தடித்த அடுக்காகக் கிடக்கிறது. 80 மீட்டர் மேற்சுமைக்குக் கீழே 15 மீட்டர் நிலக்கரி, உப்பல் 8 சதவீதம் என்று வைத்தால், 95 மீட்டர் ஆழக் குழிக்குத் திரும்புவது 86 மீட்டர் சொச்சம் மண். நிலம் எட்டு, ஒன்பது மீட்டர் தாழ்ந்துவிடும். ஜெர்மனியின் ஹம்பாக் சுரங்கம்போல நிலக்கரி இன்னும் தடித்துக் கிடக்கும் இடங்களில் குழியை மூடும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஏரிதான் திட்டம்.

முதல் மேடும் கடைசிக் குழியும்

பிரிட்டிஷ் சுரங்கங்களில் மண் போதும் என்று தெரிந்துவிட்டது. பிறகு அங்கே ஏன் பல குழிகள் மூடாமலே நிற்கின்றன? நமது பத்துப் பட்டைகளுக்கே திரும்புவோம்.

முதல் பட்டையைத் தோண்டும்போது அந்த மண்ணைக் கொட்டப் பள்ளம் எதுவும் இல்லை. நிலத்தின் ஓரத்தில் மேடாகக் குவிக்கிறோம். இரண்டாம் பட்டையின் மண் முதல் பட்டையின் குழிக்குள் போகிறது. மூன்றாவதன் மண் இரண்டாவதுக்குள். இப்படியே குழி நிலத்தின் குறுக்கே நகர்ந்துகொண்டே போகிறது. பின்னால் நிலம் மூடிக்கொண்டே வருகிறது. மூடுவதற்கென்று தனிச்செலவு ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த பட்டையின் நிலக்கரியை அடைய எப்படியும் அந்த மண்ணை அள்ளி எங்காவது கொட்டியாக வேண்டும். பக்கத்துக் குழியில் கொட்டினால் ஆயிற்று. நிலக்கரி வருகிறது, பணம் வருகிறது, நிலமும் மூடுகிறது.

பத்தாம் பட்டையின் நிலக்கரி ஏறிப்போன அன்று என்ன மிஞ்சும்? நிலத்தின் ஒரு முனையில் முதல் பட்டையின் மண் மேடு. மறுமுனையில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், கடைசிக் குழி. 30 லட்சம் கனமீட்டரை இங்கிருந்து அங்கே கொண்டுபோக வேண்டும். ஐம்பது கனமீட்டர் ஏற்றும் ராட்சத டம்பர் லாரிக்கு அது 60,000 நடை. நடுவிலுள்ள பட்டைகளில் ஐந்தரை மீட்டர் உயர்ந்து கிடக்கிறதே, அதை வாரித் தள்ளக்கூடாதா என்று கூர்மையான வாசகர் கேட்பார். தள்ளலாம். அதுவும் மண் வேலைதான், அதற்கும் டீசல்தான். எங்கிருந்து எடுத்தாலும் நிரப்ப வேண்டியது 30 லட்சம் கனமீட்டர். அந்த வேலையில் ஒரு கூடை நிலக்கரிகூடக் கிடைக்காது.

கனமீட்டருக்கு 2 பவுண்டு கூலி என்று வைப்போம். கடைசிக் குழிக்கு 60 லட்சம் பவுண்டு. மொத்தச் சுரங்கமும் கொடுக்கும் நிலக்கரி 19.5 லட்சம் டன். அதாவது விற்கும் ஒவ்வொரு டன்னிலும் மூன்று பவுண்டை முதல் நாளிலிருந்தே எடுத்து வைத்தால் கடைசிக் குழிக்குப் பணம் தயார். டன் 50 பவுண்டுக்கு விற்கிறது என்றால் மூன்று பவுண்டு பெரிய சுமையில்லை.

எடுத்து வைக்காவிட்டால்? பட்டை ஒன்றுக்கு நிலக்கரி விற்று வருவது 97.5 லட்சம், மேற்சுமையை நகர்த்தவே 57 லட்சம். மீதி 40.5 லட்சத்தில் சம்பளம், குத்தகை, கழுவுதல், ரயில் கூலி எல்லாம் போக வேண்டும். நிலக்கரி விலை 40 பவுண்டுக்கு இறங்கினால் அந்த 40.5 லட்சம் 21 லட்சமாகச் சுருங்கிவிடும். விலை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் கையில் நிற்பது பாதி. அந்த நேரத்தில் கம்பெனி செய்ய நினைப்பது ஒன்றுதான்: பின்பக்கக் குழியை மூடுவதை ஒத்திப்போட்டு, லாரிகளை எல்லாம் முன்பக்கம் நிலக்கரியை நோக்கித் திருப்புவது. திறந்த குழி ஒரு பட்டை அகலத்திலிருந்து இரண்டாகும், மூன்றாகும். இன்றைய சம்பளத்துக்குப் பணம் வரும். கடைசிக் குழியின் செலவு 60 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சத்துக்கு ஏறியிருக்கும். அது எந்தப் பேரேட்டிலும் உடனே தெரியாது.

திறந்தவெளிச் சுரங்கத்துக்கான திட்டக் கட்டுப்பாடுகளில் பாதிக்கு மேல், சுற்றிவளைத்துப் பார்த்தால், இந்த ஒரு பிரச்சினைக்கு எழுதப்பட்டவைதான்: நிலக்கரி தீர்ந்த பிறகு வரும் செலவை, நிலக்கரி இருக்கும்போதே வாங்கிவிடுவது எப்படி?

அனுமதித் தாளில் இருப்பவை

பிரிட்டனில் திறந்தவெளி நிலக்கரி இரண்டாம் உலகப்போரின் அவசரத்தில், 1942-இல், அரசே தொடங்கிய வேலை. போர்க்காலத்தில் நிலத்தைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மூடிக் கொடுத்த வயல்களில் தண்ணீர் தேங்கியது, பயிர் ஏறவில்லை என்று விவசாயிகள் புலம்பிய பிறகுதான் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன.

பின்னாளைய அனுமதி ஒரு தடித்த புத்தகம். எத்தனை மணிக்கு இயந்திரம் ஓடலாம், வெடி அதிர்வு எவ்வளவு இருக்கலாம், எந்தச் சாலையில் லாரி போகலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. குடியிருப்புக்கும் சுரங்கத்துக்கும் நடுவே 500 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வேல்ஸ் அரசு 2009-இல் வழிகாட்டியது. மெர்தர் டிட்ஃபில் ஊர்க்காரர்களுக்கு அது காலம் கடந்து வந்த பாதுகாப்பு. அங்கே ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2007-இலேயே வேலையைத் தொடங்கியிருந்தது. அதன் எல்லை சில வீடுகளிலிருந்து ஐம்பது மீட்டர்கூட இல்லை.

நம் கணக்குக்கு வேண்டியவை மூன்று விதிகள். ஒன்று ‘தொடர் மீட்பு’: இந்தப் பட்டை மூடப்படாமல் அதற்கு அடுத்ததற்கு அடுத்த பட்டையைத் தொடக்கூடாது என்று வரைபடத்தோடு எழுதிவைப்பது. இன்னொன்று பின்பராமரிப்பு. மூடி, மண் பரப்பி, புல் விதைத்துவிட்டு ஓடிவிட முடியாது. வடிகால் வெட்டி, உரமிட்டு, வழக்கமாக ஐந்தாண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். 1981-இல் வந்த கனிமத் திட்டச் சட்டம் இதற்கு வழிசெய்தது. மூன்றாவது பிணைத்தொகை. கம்பெனி கைவிட்டால் குழியை மூட ஆகும் செலவுக்கு வங்கி உத்தரவாதமோ, தொடமுடியாத கணக்கில் ரொக்கமோ முன்பே வாங்கி வைப்பது.

நிலக்கரித் தொழில் அரசின் கையில் இருந்தவரை பிணைக்கு அவசியம் தோன்றவில்லை. அரசு திவாலாகாது என்பது எல்லாருக்கும் தெரியும். 1994 சட்டத்தால் அது தனியாருக்குப் போனபின் நிலைமை வேறு. தனியார் கம்பெனி திவாலாகும்.

கிழக்கு ஏர்ஷயர், 2013

ஆயிற்று. 2013 ஏப்ரலில் ஸ்காட்டிஷ் கோல் கம்பெனி கலைப்புக்குப் போனது. நிலக்கரி விலை இறங்கியிருந்தது, டீசல் விலை ஏறியிருந்தது. நம் கற்பனைச் சுரங்கத்தில் பார்த்த அதே இறுக்கம். சில வாரங்களில் ஏ.டி.எச். குழுமத்தின் சுரங்கங்களை நடத்திய கம்பெனியும் விழுந்தது. அடி அதிகம் பட்டது ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலுள்ள கிழக்கு ஏர்ஷயர் மாவட்டத்துக்கு. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மலைச்சரிவுகளில் குழிகள் திறந்தபடியே நின்றன.

மாவட்ட நிர்வாகம் பிணைக் கணக்கை எடுத்துப் பார்த்தது. எல்லாக் குழிகளையும் அனுமதியில் சொன்னபடி மீட்க ஏறக்குறைய 16 கோடி பவுண்டு ஆகும். கையிலிருந்த பிணை 3 கோடிக்கும் குறைவு.

இவ்வளவு இடைவெளி எப்படி வந்தது என்று ஆராய ஜிம் மெக்கின்னன் தலைமையில் தனிக்குழு அமர்ந்தது. 2014 தொடக்கத்தில் வெளியான அறிக்கை மாவட்ட நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. குழிகள் வளர்ந்த வேகத்துக்குப் பிணை வளரவில்லை. மீட்பு வேலை பின்தங்கியது கண்ணுக்குத் தெரிந்தும் தடுத்து நிறுத்தப்படவில்லை. எனக்கு இதில் வில்லன் தேடத் தோன்றவில்லை. வேலைவாய்ப்பு அருகிப்போன மாவட்டம். ஊருக்குச் சம்பளம் தரும் ஒரே தொழிலை நிறுத்து என்று நோட்டீஸ் அனுப்ப எந்த அதிகாரிக்குக் கை வரும்? அதனால்தான் பிணைக் கணக்கை அதிகாரியின் மனத்திடத்தில் விட்டுவைக்காமல் அளவெடுப்பில் விட்டிருக்க வேண்டும். திறந்திருக்கும் குழியை ஆண்டுதோறும் அளந்து, கனமீட்டருக்கு இவ்வளவு என்று பெருக்கினால் தேவையான பிணை வந்துவிடும். குழி மும்மடங்கானால் பிணையும் மும்மடங்கு, கட்டாவிட்டால் தோண்டக்கூடாது. பெருக்கல் தெரிந்தால் போதும்.

கலைப்பு அதிகாரிகள் நீதிமன்றம் போனார்கள். கம்பெனியிடம் மிஞ்சியிருந்த சொத்து கடன்காரர்களுக்குப் போகவேண்டியது. மீட்புப் பொறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலங்களை ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று கைகழுவலாமா என்பது கேள்வி. 2013 ஜூலையில் ஒரு நீதிபதி கைகழுவலாம் என்றார். டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு முடியாது என்றது. சட்டக்கோட்பாட்டில் பெரிய வெற்றிதான். ஆனால் பொறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தாலும் பணம் இல்லாத இடத்தில் அதிலிருந்து எத்தனை லாரி டீசல் வரும்?

கடைசியில் நடந்தது பேரம். கிடைத்த பிணைக்குள் எது முடியுமோ அது. செங்குத்தான சுவர்கள் சரித்துவிடப்பட்டன, ஆபத்தான இடங்கள் மூடப்பட்டன, சில குழிகள் தண்ணீரோடு விடப்பட்டன. இதற்கு வழிகாட்ட ஸ்காட்டிஷ் சுரங்க மீட்பு அறக்கட்டளை அமைந்தது. பக்கத்து மாவட்டத்தில், சாங்கர் ஊருக்கு அருகே, பக்ளூ கோமகனுக்குச் சொந்தமான ஒரு பழைய சுரங்க நிலத்தில் ஜெங்க்ஸ் இன்னொரு மண் கலைவெளியை அமைத்தார். 2015-இல் திறந்த அதற்குக் ‘கிராவிக் மல்டிவெர்ஸ்’ என்று பெயர். வசதியுள்ள கோமகன் எல்லா மாவட்டத்துக்கும் கிடைப்பதில்லை.

மேல்மண்

குழி மூடினால் நிலம் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. அறுபது மீட்டர் ஆழத்துக்கும் உருவம் திரும்பியிருக்கலாம். பயிர் வளர்வதோ மேலே கிடக்கும் முப்பது சென்டிமீட்டரில்.

எனவே சுரங்கத்தில் முதல் வேலை அந்த மேல்மண்ணைத் தனியாகச் சுரண்டி எடுப்பது. அதற்குக் கீழுள்ள அடிமண்ணை வேறாக எடுப்பது. இரண்டையும் கலக்கக்கூடாது. மேல்மண்ணை மூன்று மீட்டருக்கு மேல் உயரமாகக் குவிக்கக்கூடாது என்பது பொதுவான நடைமுறை. உயரமான குவியலின் நடுவில் காற்றுப் போகாது. மண்புழுவும் நுண்ணுயிரும் செத்துவிடும். இந்தக் குவியல்களைச் சுரங்கத்தின் ஓரமாகக் கரைபோல் எழுப்பிப் புல் விதைத்துவிடுவார்கள். ஊருக்குச் சத்தம் மறைக்கும் சுவராகவும் அது ஆகும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திரும்பப் பரப்பும்போதுதான் பெரும்பாலான நிலம் கெட்டது. ஈர மண்ணின்மேல் கனத்த வண்டிகள் ஓடினால் மண் துகள்களுக்கு நடுவிலுள்ள சின்னச் சின்ன வெளிகள் நசுங்கிவிடும். மேலே மண் அப்படியே அழகாகத்தான் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, வேர் போகாது. போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் மூடிய வயல்களில் விவசாயிகள் கண்டது இதைத்தான். மண்ணை இழுத்துப் பரப்பும் பெரிய ஸ்கிரேப்பர் வண்டிகள் அதே மண்ணின்மேல் திரும்பத் திரும்ப ஓடின. பின்னால் முறை மாறியது. லாரி ஏற்கெனவே பரப்பிய மண்ணின்மேல் ஏறாது. வெறும் அடித்தளத்தில் நின்று கொட்டும். அகழ்வு இயந்திரம் கை நீட்டி அதைத் தளர்வாகப் பரப்பிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே போகும். மழைநாளில் மண்ணைத் தொடவே கூடாது. பிரிட்டன் மாதிரி ஊரில் இந்த ஒரு விதியால் ஆண்டில் வேலை செய்யக்கூடிய மாதங்கள் பாதியாகிவிடும். அவசரமாக மூடும் கம்பெனி முதலில் மீறுவதும் இதைத்தான்.

குழி ஏரியானால்

மூடப் பணமில்லை, தண்ணீர் தானாக ஊறுகிறது. ஏரியாக விட்டுவிட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் நடந்தும் இருக்கிறது. லீட்ஸ் அருகே செயின்ட் எய்டன்ஸ் சுரங்கத்துக்குள் 1988-இல் ஏர் ஆறு கரை உடைந்து பாய்ந்தது. இன்று அது பறவைகள் சரணாலயம்.

கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் இதையே பெருந்திட்டமாகச் செய்கிறார்கள். நாடு ஒன்றான பிறகு பெரும்பாலான பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் மூடின. அவற்றை மீட்கும் பொறுப்பை அரசு நிறுவனமே ஏற்றது. வரிசையாக ஏரிகள் உருவாயின. ஆனால் அந்த ஏரிகளுக்கு வேதியியல் இருக்கிறது. நிலக்கரியை ஒட்டிய மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் உண்டு. காற்றுப் படாதவரை அது சாது. தோண்டிக் கிளறிக் காற்றுப் பட்டுப் பிறகு தண்ணீர் சேர்ந்தால் அமிலமும் இரும்பும் கரைந்து வரும். அங்கே ஸ்ப்ரே ஆறு பல இடங்களில் துருப்பிடித்த பழுப்பு நிறத்தில் ஓடக் காரணம் அதுதான். ஏரிகளுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஆபத்து கரையில். தளர்வாகக் கொட்டிய மண்ணுக்குள் நீர்மட்டம் ஏறும்போது துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டுப்போகலாம். 2009 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் நாக்டர்ஸ்டெட் கிராமத்தில், நிரம்பிக்கொண்டிருந்த சுரங்க ஏரியின் கரை சரிந்து வீட்டோடு மூன்று பேர் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் ஃபோஸ்-இ-ஃப்ரான் கவலை தரும். அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்ததே நிலமீட்பின் பெயரில். பழைய இரும்பாலைக் கழிவும் நிலக்கரிக் கழிவும் கிடந்த மேடுகளைச் சீராக்கிக் கொடுக்கிறோம், செலவுக்கு அடியிலுள்ள நிலக்கரியை எடுத்துக்கொள்கிறோம் என்பது ஒப்பந்தம். ஒரு கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி போனது. 2022 செப்டம்பரில் அனுமதி முடிந்தது. தோண்டுவது 2023 நவம்பர் வரை நிற்கவில்லை. மீட்புக்கென ஒதுக்கியிருந்தது 1.5 கோடி பவுண்டு. முழு மீட்புக்கான மதிப்பீடுகள் அதைப்போலப் பல மடங்கு. முழுதும் மூடப் பணமில்லை, குழியின் ஒரு பகுதியில் தண்ணீர் நிற்கட்டும் என்று கம்பெனி மாற்றுத்திட்டம் நீட்டியது. 1966-இல் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்ட அபர்ஃபான் இதே மெர்தர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களிடம் போய் மேடும் தண்ணீரும் பாதுகாப்பானவை என்று சொல்லும் வேலை எனக்கு வேண்டாம்.

ஹெக்டேருக்கு ஆறு லட்சம்

இந்தியாவிலும் பிணை உண்டு. நிலக்கரி அமைச்சகம் 2009-இல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிப்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் வேண்டும். திறந்தவெளிச் சுரங்கமென்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற கணக்கில், ஆண்டுக்கு 5 சதவீத உயர்வோடு, தொடமுடியாத வங்கிக்கணக்கில் கம்பெனி ஆண்டுதோறும் கட்டிவர வேண்டும் என்றது அந்த நெறி. மீட்பு வேலை நடந்த அளவுக்கு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். 2020-இல் 6 லட்சம் 9 லட்சமானது. நிலக்கரி இருக்கும்போதே பணத்தை வாங்குவது என்ற அடிப்படை சரியாகவே இருக்கிறது.

எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு இடறுகிறது. ஹெக்டேர் பரப்பைச் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. 30 மீட்டர் சுரங்கமும் 100 மீட்டர் சுரங்கமும் ஹெக்டேருக்கு ஒரே தொகை கட்டும். நமது கற்பனைச் சுரங்கம் 50 ஹெக்டேர். 6 லட்சம் வீதம் 3 கோடி ரூபாய். கடைசிக் குழி 30 லட்சம் கனமீட்டர். கட்டிய பணம் முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் கனமீட்டருக்குப் பத்து ரூபாய். 9 லட்சம் வீதம் பதினைந்து ரூபாய். ஒரு கனமீட்டர் மண்ணை ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொட்ட இந்த விலைக்கு எந்த ஒப்பந்ததாரர் வருவார் என்று உங்கள் ஊரில் பொக்லைன் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அதனாலோ என்னவோ, நடைமுறையில் மூடல் திட்டங்களில் கடைசிக் குழி பெரும்பாலும் நீர்நிலையாகவே வரையப்படுகிறது.

நெய்வேலியில் 1961-இல் முதல் பழுப்பு நிலக்கரி வெளிவந்தது. அதன் அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். தோண்டிய மண்ணின் பெரும்பகுதி கன்வேயர் பெல்ட்டில் ஏறி நிலக்கரி எடுத்து முடித்த குழிக்குள்ளேயே போகிறது. மூடிய மண்ணில் காடு வளர்த்திருக்கிறார்கள், நெல்லும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆக, அந்த மண்ணைத் திரும்ப வயலாக்க முடியும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் விளையும் அந்த வயல் சுரங்க நிறுவனத்தின் சொத்து. கையகப்படுத்திய நிலத்தை வேலை முடிந்தபின் பழைய உழவரின் பெயருக்கே மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தையொட்டிப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்றுகொண்டிருந்த நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கியபோது எழுந்த கொதிப்பு நாடறிந்தது. பயிருக்கு இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே எழுந்த கோபத்தில் ஒரு பகுதி, நிலம் ஒருமுறை போனால் போனதுதான் என்பதிலிருந்து வந்தது. பிரிட்டனின் 1958 திறந்தவெளி நிலக்கரிச் சட்டம் இந்த இடத்தில் வேறு வழி பிடித்தது. சம்மதிக்காத உழவரின் வயலைக்கூட அரசு எடுக்க முடிந்தது, ஆனால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான். அதுவரை ஆண்டுதோறும் இழப்பீடு. நிலக்கரியை எடுத்து, குழியை மூடி, மேல்மண்ணைப் பரப்பிய பிறகு வயல் உரிமையாளரிடமே திரும்பியது.